'பிக் பேங் தியரி'யில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அன்புள்ள சார்,

நீங்கள் பாராட்டி எழுதியிருந்ததால் 'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் முதல் சீசனைப் பார்த்தேன். நான் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவன். ஆராய்ச்சி செய்கிறவன் என்றால் பழகத் தெரியாதவன், பெண்களைக் கண்டால் உளறுகிறவன் என்று பின்னணிச் சிரிப்பைப் போட்டுக் கேலி செய்கிறார்கள். இதில் உங்களுக்கு என்ன பிடித்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. தொடரின் நான்கு விஞ்ஞான நண்பர்களில் ஒருவனான ஹோவர்ட் பெண்களிடம் வழிவதையெல்லாம் சிரிப்பாக்கியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நண்பன் ராஜ் பெண்கள் எதிரில் வாய் திறக்கமாட்டான் என்பதும் சீக்கிரமே அலுத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு பெரும்பாலும் படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களுடையது. அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கவனித்தால் வேறொன்று தெரியும்.

13வது எபிசோடை மறுபடி பாருங்கள். இயற்பியல் வினாடி வினா. எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்வேன் என்று அடம்பிடிக்கும் இயற்பியலாளன் ஷெல்டனை மற்ற மூன்று நண்பர்களும் அணியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அவன் துப்புரவுப் பணியாளர், கேன்டீன் பெண்மணி என்று கிடைத்தவர்களை வைத்துப் பெயருக்கு ஓர் அணி சேர்க்கிறான். கடைசிக் கேள்விக்கு அவனுக்கே விடை தெரியவில்லை. துப்புரவுப் பணியாளர் சொல்லிவிடுகிறார். அவர் சோவியத் காலத்தில் லெனின்கிராடில் இயற்பியலாளராக இருந்தவர்! விடை சரிதான். ஆனால் வேறொருவர் சொன்ன விடையால் ஜெயிக்க ஷெல்டனுக்கு மனமில்லை. தோற்கிறான்.

இங்கே படிப்பை யார் கேலி செய்தார்கள்? அந்தக் காட்சியிலேயே மரியாதைக்குரியது அந்தப் பெரியவரின் படிப்புதான். அறிவு என் ஒருவனுக்கே சொந்தம் என்ற நினைப்புக்குத்தான் அடி விழுகிறது.

9வது எபிசோடும் இதே விஷயம்தான். சூப்பர்சாலிட் (திடப்பொருளாக இருந்துகொண்டே உராய்வில்லாமல் பாயவும் செய்யும் நிலை) பற்றி நால்வரில் இன்னொருவனான லெனர்டும் ஷெல்டனும் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் கருத்தரங்கில் வாசிக்க அழைப்பு வருகிறது. தன்னைவிடக் குறைந்த அறிவுள்ளவர்களின் பாராட்டு எதற்கு என்று ஷெல்டன் மறுக்க, லெனர்ட் தனியாகப் போகிறான். கடைசியில் இருவரும் மேடையிலேயே கட்டிப் புரளுகிறார்கள்.

சூப்பர்சாலிட் சும்மா கதைக்காக எடுத்த சொல் இல்லை. திட ஹீலியத்தில் அந்த நிலையைக் கண்டதாக பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மோசஸ் சானும் யுன்-சியோங் கிம்மும் 2004இல் அறிவித்திருந்தார்கள். தொடர் வந்த நேரத்தில் ஆய்வுக்கூடங்களில் சூடாக விவாதிக்கப்பட்ட விஷயம் அது. தொடரின் அறிவியல் ஆலோசகராக இருந்த டேவிட் சால்ட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யுசிஎல்ஏ) இயற்பியல் பேராசிரியர். வெள்ளைப் பலகைகளில் இருக்கும் சமன்பாடுகளும் அவர் தந்த நிஜமான சமன்பாடுகள்தான். அறிவியலை மட்டமாக நினைக்கிறவர்கள் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள்.

எனக்கு உண்மையான குறை வேறு. 2007 செப்டம்பரில் தொடங்கி, ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் 17 எபிசோடுகளோடு நின்ற சீசன் இது. அத்தனையிலும் தொடர்ந்து வந்துபோகும் பெண் விஞ்ஞானி லெஸ்லி ஒருத்திதான். அவளும் ஷெல்டனை மட்டம்தட்டத்தான் அதிகம் பயன்படுகிறாள். அவளுடைய ஆராய்ச்சியை வைத்து முழுசாக ஒரு எபிசோடாவது எழுதியிருக்கலாம். நீங்கள் சண்டை போடவேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அப்புறம், இயற்பியல் மாணவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சானின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையோடு அவருடைய 2012 கட்டுரையையும் தேடிப் படியுங்கள். சோதனைக் கருவியை மாற்றியமைத்து மறுபடி செய்துபார்த்து, முன்பு கண்டது சூப்பர்சாலிட் இல்லை என்று அவரே அதில் எழுதியிருக்கிறார்.