கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போவதா, வேண்டாமா?

வணக்கம். எங்கள் பகுதிப் பொதுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாமா என்று மக்களிடம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், எல்லாம் கண்துடைப்பு என்கிறார் கணவர். என் மகன் அங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறான். நான் போய்ப் பேசி ஏதாவது மாறுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. சிகாகோவில் 2013இல் ஒரே மூச்சில் சுமார் 50 பொதுப் பள்ளிகளை மூடினார்கள். அதற்கு முன்னால் நகரம் முழுக்கக் கூட்டங்கள் நடந்தன. பெற்றோர் அழுதார்கள், சண்டை போட்டார்கள். விசாரணை நடத்திய முன்னாள் நீதிபதிகளே சில பள்ளிகளை மூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்வி வாரியம் நாலைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடியது. இத்தனைக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பெரும்பாலான பொதுப் பள்ளிகளுக்கு உள்ளூர் மன்றம் உண்டு. தேர்தல் வைத்து ஆளெடுப்பார்கள், பெற்றோர் மட்டுமே 6 பேர். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம்கூட அந்த மன்றத்துக்கு இருந்தது. பள்ளி இருக்குமா என்று முடிவு செய்யும் அதிகாரம்தான் இல்லை!

சரி, அப்புறம் எதற்குப் போக வேண்டும்? நான் போன ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். முன்னாள் மாணவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் காலத்துப் பெருமையைப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவருடைய பிள்ளைகூட அங்கே படிக்கவில்லை (நானும் பேசினேன்). அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். திரையில் ஒரு வரைபடம். இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு, பக்கத்தில் ‘1 கி.மீ.’ என்று எழுதியிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். மைக் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. “அந்தக் கோடு ரயில் பாதையைத் தாண்டிப் போகுது. என் பொண்ணு எப்படித் தாண்டுவா?” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அதிகாரி திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். அன்று அவர் பேனாவை எடுத்தது அப்போதுதான்.

இணைப்பு நிற்கவில்லை. ஆனால் முதல் மூன்று வகுப்புகளைப் பழைய கட்டடத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். கூட்டத்துக்கு முன்பே இரண்டு கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடச் சேர்க்கை எவ்வளவு? உங்கள் பகுதியில் குடியிருந்தும் வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? முதல் கணக்கைத் திரையில் போட்டே காட்டுவார்கள். இரண்டாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும். ‘பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பிறக்கவே இல்லை என்பது ஒன்று, பிறந்து வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள் என்பது இன்னொன்று. ஜப்பானில் நடப்பது முதல் வகை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பள்ளிகளை மூடுகிறார்கள். யார் பேசியும் பிள்ளைகளை வரவழைக்க முடியாது. அதனால் காலிக் கட்டடத்தை யாருக்கு, எதற்குக் கொடுக்கலாம் என்று பார்க்க 2010லிருந்து அவர்களுடைய கல்வி அமைச்சகமே ஒரு திட்டம் நடத்துகிறது.

உங்கள் பள்ளி இரண்டாம் வகை என்றால் பேச்சே வேறு. விட்டுப் போன பெற்றோர் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதும் இல்லை. நீங்கள் போய்க் கேளுங்கள், நாலைந்து வீடு போதும். “ஏன் மாத்தினீங்க?” என்று மட்டும் கேளுங்கள், வாதாடாதீர்கள். கழிப்பறை என்பார்கள், ஒரே ஆசிரியருக்கு மூன்று வகுப்பு என்பார்கள், பேருந்து நேரம் என்பார்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயமாகத்தான் இருக்கும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது காப்பாளர்கள், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு குழு இருந்தால் அதில் யார் யார் என்று பாருங்கள். தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாத உறுப்பினர்களை நான் சந்தித்திருக்கிறேன். எழுதி வைத்ததை அந்தத் திட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மைக்கில் பேசியது அன்றோடு போய்விடும்.

கணவரையும் கூட்டிப்போங்கள். முடிந்து கிளம்பும்போது ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். வருகைப் பதிவுதான் என்பார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கட்டும். ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்தால், ‘இணைப்புக்குச் சம்மதம் இல்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே போடுங்கள்.

அன்புடன்.