மூத்தோர் கைகளுக்கு ஏற்ற கைவேலைகள்: கேள்வி பதில்

முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கைவேலை வகுப்பு நடத்தி வருகிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு செய்யக்கூடியவற்றையே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எண்பது வயதை நெருங்கும் என் மாமியாருக்குப் பொழுது போகட்டும் என்று வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்று தள்ளி வைத்துவிட்டார். வேறு என்ன கொடுக்கலாம்?

பதில்: அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அறுபது ஆண்டுகள் வீட்டை நடத்திய கைக்கு, முடிந்தபின் யாருக்கும் பயன்படாத வேலையைக் கொடுத்தால் அது சிறுமையாகத்தான் தோன்றும். கை ஏற்கெனவே பழகிய அசைவாகவும், செய்து முடித்த பொருள் வீட்டில் புழங்குவதாகவும் இருக்கும்படி வேலையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மாமியார் எத்தனை பேருக்குச் சடை பின்னிவிட்டிருப்பார்! அதே மூன்று புரிப் பின்னலால் பழைய நூல் புடவையில், பானை உருளாமல் அடியில் வைக்கும் பிரிமணை செய்யச் சொல்லுங்கள்.

புடவையின் முந்தானைப் பக்க ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தால் போதும், மீதியைக் கையாலேயே கிழித்துவிடலாம்; நூல் துணி மறுமுனை வரை நேராகக் கிழியும். அந்தச் சரசரப்புச் சத்தமே எங்கள் மையத்தில் பலருக்குப் பெரிய உற்சாகம். மூன்று பட்டைகளை முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பின்னிக்கொண்டு போகலாம். பட்டைகளை வெவ்வேறு நீளத்தில் எடுத்துக்கொண்டால் ஒட்டுப் போடும் இடங்கள் ஒன்றாகச் சேர்ந்து புடைக்காது. பின்னலை வளையமாகச் சுற்றிக் கோணி ஊசியால் ஆங்காங்கே தைத்தால் தண்ணீர்ப் பானைக்குப் பிரிமணை கிடைக்கும். நடுவிலிருந்து தட்டையாகச் சுற்றிக்கொண்டே போனால் நாற்காலிக்கு விரிப்பாகும். இதைக் கால்மிதியாக மட்டும் போட்டுவிடாதீர்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது நகர்ந்து, செய்தவரையே வழுக்கி விழவைத்துவிடும்.

கேள்வி: காகிதக் கூழில் கூடை செய்வதை என் பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கல் இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பத்துப் பன்னிரண்டு செய்தித்தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தைத் தனியாக ஓர் இரவு ஊறவைத்து அரைத்தால் வழவழவென்று பசை போல வரும். கூழைப் பிடித்துவைப்பது அதுதான். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அந்நாளில் இதே வெந்தயக் கூழால் மெழுகி அடைத்தார்கள். காகிதத்தை மிக்சியில் சிறிது சிறிதாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிவிடும். பிறகு நன்றாகப் பிழிந்து, வெந்தய விழுதுடன் பிசைந்து, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் ஈரத்துணியைப் போர்த்தி அதன்மீது சுண்டுவிரல் கனத்துக்கு அப்புங்கள். கிழிப்பதும் பிசைவதும் அப்புவதும் பெரியவரின் வேலை, அரைப்பது மட்டும் உங்கள் வேலை. முதல் நாள் நிழலிலும் அடுத்த மூன்று நான்கு நாள் வெயிலிலும் காயவைத்தால் கிண்ணம் தானாகக் கழன்று வரும். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் விளிம்பு வெடிக்கும்.

இதில் தின்பண்டம் எதையும் போடாதீர்கள். செய்தித்தாளில் உணவை மடிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அச்சு மையே அதற்குக் காரணம். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, மின் கட்டண ரசீது ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பா அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கைவேலை என்றாலே "அதெல்லாம் பெண்கள் சமாசாரம்" என்கிறார்.

பதில்: கைவேலை என்ற சொல்லையே அவரிடம் எடுக்காதீர்கள். பேரப்பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கொடுத்து, "இரத்த அழுத்தம், சர்க்கரை அளவெல்லாம் குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும், தைத்துத் தருகிறீர்களா அப்பா?" என்று கேளுங்கள். பத்துத் தாள்களைச் சேர்த்து மடித்து, மடிப்பில் நடுவில் ஒன்றும் இரு முனைகளின் அருகே ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இட வேண்டும். ஊசியை வெளிப்புறமிருந்து நடுத்துளை வழியே உள்ளே விட்டு, மேல்துளையில் வெளியே எடுத்து, கீழ்த்துளையில் உள்ளே விட்டு, மீண்டும் நடுத்துளையில் வெளியே கொண்டுவந்தால் இரு நூல் முனைகளும் ஒரே இடத்தில் சேரும். வெளியே ஓடும் நீளத் தையலை நடுவில் வைத்து முடிச்சுப் போடலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை மேலட்டைக்கு அருமையாகப் பொருந்தும். அளவுகோலை வைத்து அளப்பதில் கணக்கர்களை மிஞ்ச ஆளில்லை. எங்கள் மையத்தில் ஒருவர் அரை மில்லிமீட்டர் பிசகியதற்காக ஒரு நோட்டையே பிரித்து மறுபடி தைத்தார்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். செய்ததையே பிரித்துவிடுகிறார். பயன் உண்டா?

பதில்: பிரிக்கட்டும், அதுவும் கைக்கு வேலைதான். "ஏன் பிரித்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பஞ்சைக் கொட்டை நீக்கிக் கொடுத்துத் திரி திரிக்கச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் மகளின் பெயரே நினைவில்லாத ஒரு அம்மையார், முன்னால் பஞ்சை வைத்ததும் யாரும் சொல்லாமலே விரல் நுனியில் விபூதியைத் தொட்டுக்கொண்டு திரிக்கத் தொடங்கினார்; முக்கால் மணி நேரத்தில் கார்த்திகைக்குப் போதுமான திரி சேர்ந்துவிட்டது. பொத்தான், மணி போன்ற சிறு பொருள்களை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் இருப்பதால் தவிர்த்துவிடுங்கள். சிவப்பும் கறுப்புமான குன்றிமணியை வீட்டிலேயே வைக்க வேண்டாம், அது கொடிய நஞ்சு.

கேள்வி: பக்கவாதத்தால் ஒரு கை மட்டுமே இயங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு கையின் வேலை பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான், அதை வேறொன்றிடம் ஒப்படைக்கலாம். தட்டின் அடியில் ஈரத்துணியை விரித்தால் தட்டு நகராது. காகிதத்தின்மீது அம்மிக் குழவியை வைத்தால் ஒரு கையாலேயே மடித்து நகத்தால் நீவலாம். இயங்காத கையும் மேசைமேல், கண் பார்வையில் இருக்கட்டும். எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்பு சிவன் கண் என்ற பின்னல் வகையில் வயர் கூடையெல்லாம் போட்ட அம்மாவுக்கு இப்போது கட்டைவிரல் அடியில் வலி. வயர் கூடை போடலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். வயர் கூடையில் ஒவ்வொரு முடிச்சையும் சுண்டி இழுத்து இறுக்க வேண்டும். வலி அந்த இழுப்பில்தான் ஏறும். அவர் அருகில் உட்கார்ந்து நீங்கள் போடுங்கள், பிழையைச் சொல்லித் திருத்தட்டும்.

கேள்வி: நீண்டகாலச் சர்க்கரை நோயாளி ஊசி பிடிக்கலாமா?

பதில்: விரலில் மரமரப்பு இருந்தால் குத்தியதே தெரியாது, புண் பழுத்த பிறகுதான் தெரியும். முனை மழுங்கிய பெரிய ஊசியும் தளர்வான சாக்குத் துணியும் கொடுங்கள், முடிந்ததும் விரல்களைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காகித உறை ஒட்டக் கடைப் பசைதான் வேண்டுமா?

பதில்: ஒரு கரண்டி மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கண்ணாடி போல் பளபளக்கும் வரை கிண்டினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு என்பதால் பெரியவர்களும் பிள்ளைகளும் புழங்கும் வீட்டில் சேர்க்காதீர்கள். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சிக்கொண்டு, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.