டெல்லிச் சுற்றுலா: முதலில் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் டெல்லி போகிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், மாமனார், மாமியார் என ஆறு பேர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சனிக்கிழமை மதியம் டெல்லியில் இறங்கி வியாழன் மாலை திரும்ப விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் ஆக்ராவும் சேர்த்து 22 இடங்கள் காட்டுவதாக ஒரு பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார். அதை எடுக்கலாமா? நாங்களே ஏற்பாடு செய்வதென்றால் எதையெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஏஜென்ட் அனுப்பிய பயண நிரலில் திங்கட்கிழமைக்கு நேராகச் செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்குக்குமே திங்கட்கிழமை விடுமுறை. நிரலைத் தயாரித்தவருக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். ‘சில இடங்கள் வெளியிலிருந்து பார்வை’ என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாரே, அது இதற்காகத்தான். வண்டியை வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள், நீங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள், 22இல் ஒன்று கழிந்துவிடும்.

ஆகவே இந்த நிரலை அப்படியே எடுக்க வேண்டாம். அதற்காகப் பேக்கேஜே கூடாது என்று சொல்லவில்லை. டெல்லியில் எந்த இடத்தை எந்தக் கிழமையில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். யாரிடம் எதை பதிவு செய்வது என்பது அதன்பின் தானாகவே தெளிந்துவிடும்.

திங்கட்கிழமை மூடியிருப்பவை மேலே சொன்ன நான்கோடு முடியவில்லை. குடியரசுத் தலைவர் மாளிகை, தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட வீடான காந்தி ஸ்மிருதி எல்லாமே அன்று மூடியிருக்கும். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்கள் வியாழனே கிளம்புவதால் வெள்ளியைப் பற்றிய கவலை இல்லை. டெல்லி கதவடைக்கும் திங்கட்கிழமையில் ஆக்ரா போய்விடுங்கள். உங்கள் பயணத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு கிடைக்காது. ஏஜென்ட் ஆக்ராவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கிறார். தாஜ்மகாலில் கூட்டம் அலைமோதும் நாள் அது.

டிசம்பர் கடைசி வாரம் என்பதால் மூடுபனியையும் கணக்கில் வைக்க வேண்டும். விடியற்காலை தொடங்கிச் சில நாட்களில் காலை பத்து மணி வரைகூட எதிரே வரும் வண்டி தெரியாது. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்குக் காரில் யமுனா விரைவுச்சாலை வழியாகத்தான் போவார்கள். அகலமான, நேரான சாலை. அதனாலேயே பனியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதும் விபத்துகள் குளிர்காலம்தோறும் செய்தியில் வருகின்றன. குளிர்காலத்தில் அங்கே வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். ‘அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, சூரிய உதயத்தில் தாஜ்’ என்று அந்த நிரலில் இருப்பதை ஏப்ரலில் செய்யலாம். டிசம்பரில், அதுவும் குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, செய்யக்கூடாது. பனியில் உதயமும் தெரியாது, தாஜும் தெரியாது.

என் தேர்வு ரயில். நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குமேல் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட் போய்விடும். மாலை ஆறு மணிக்குச் சற்று முன் அதே ரயிலில் திரும்பலாம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஓடுகிறது. பனியில் இதுவும் தாமதமாகலாம், ஆனால் ரயில் தாமதமாவது வேறு, சாலையில் மாட்டிக்கொள்வது வேறு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டு, டிக்கெட் முடிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கார்தான், காலை எட்டரைக்குமேல் கிளம்பி, இருட்டுவதற்குள் ஆக்ராவை விட்டு வெளியேறும் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.

ஆக்ராவில் தாஜும் கோட்டையும் மட்டும் போதும். ஒரே நாளில் மதுராவையும் பிருந்தாவனத்தையும் சேர்த்துத் தருகிறோம் என்பவர்கள் நள்ளிரவில் உங்களைக் கொண்டுவந்து விடுவார்கள். நடுவே பளிங்குக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிச்சயம் போகும். அந்தக் கடைக்காரர் தரும் கமிஷனில்தான் பல பேக்கேஜ்களின் விலை மலிவாகிறது. தாஜ்மகாலுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மாடத்துக்கு மேலே போக இன்னும் 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் வேண்டாம். வயதுச் சான்றாக ஆதார் மட்டும் கையில் இருக்கட்டும். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம். மேலே ஏறப் படிகள் உண்டு. மாமியாருக்கு அந்த 200 ரூபாய் டிக்கெட் தேவைப்படாது. எதிரே உள்ள தோட்டத்திலிருந்து பார்ப்பதே அழகு என்பது என் கருத்து. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாயில் வரை பேட்டரி வாகனம் உண்டு. பையில் தின்பண்டங்களை வைத்துக்கொண்டு சோதனை வரிசையில் நிற்காதீர்கள், திருப்பி அனுப்புவார்கள்.

டெல்லிக்குள் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். அது ஞாயிறாக இருக்கட்டும், சாலைகளில் நெரிசல் சற்றுக் குறைவு. ஆறு பேருக்கு இன்னோவா சரியாக இருக்கும். ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்பதுதான் அங்கே வழக்கமான வாடகைக் கணக்கு. கேட்க வேண்டியது, அந்தக் கணக்கு உங்கள் ஹோட்டல் வாசலில் தொடங்குகிறதா, அவர்களுடைய ஷெட்டில் தொடங்குகிறதா என்பது. ஷெட் நொய்டாவில் இருந்தால் போய்வரும் தூரமே 80இல் பாதியைத் தின்றுவிடும். கூடுதல் மணிக்கு எவ்வளவு, கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பார்க்கிங், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஆர்.கே.புரம் மலை மந்திர். டெல்லித் தமிழர்கள் கட்டி எழுப்பிய சுவாமிநாத சுவாமி கோயில் அது. 1973இல் குடமுழுக்கு நடந்தது. சிறு குன்றின்மேல் இருக்கிறது, படிகள் உண்டு என்பதை மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து குதுப் மினார். தரை பெரும்பாலும் சமதளம்; சக்கர நாற்காலி தள்ளலாம். மினாருக்குள் ஏறலாமா என்று மகன் கேட்பான். 1981இல் உள்ளே ஏற்பட்ட நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்த பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. பிற்பகலில் ஹுமாயூன் கல்லறை. மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பெரியவர்கள் கீழே தோட்டத்தில் உட்காரலாம், அல்லது 2024இல் பக்கத்திலேயே திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். மூன்று இடங்கள்தானா என்று ஏஜென்ட் சிரிப்பார். சிரிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை குடியரசுத் தலைவர் மாளிகை. டெல்லியில் எதையாவது முந்திக்கொண்டு பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் இதைத்தான். மாளிகையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பெயர்களையும் அடையாள அட்டை விவரங்களையும் கொடுத்து, நேரம் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். வாசலில் போய் நின்று ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரசு விடுமுறை நாட்களில் அனுமதி இல்லை. கிறிஸ்துமஸ் குறுக்கே வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகம். பட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில் அங்கே இருக்கிறது, பிள்ளைகள் ஏறிச் சுற்றிவரக் குட்டி ரயிலும் உண்டு. உங்கள் மகன் டெல்லியில் எதை நினைவு வைத்திருப்பான் என்று என்னைக் கேட்டால், பந்தயம் இதன்மேல்தான் கட்டுவேன். மாலையில் இந்தியா கேட், அதையொட்டி 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

புதன்கிழமை முழுக்க மெட்ரோவிலேயே போகலாம். அதனால்தான் ஹோட்டலைக் கரோல் பாக்கில், மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுக்கச் சொல்கிறேன். நீலத் தடத்தில் மண்டி ஹவுஸ் போய், ஊதாத் தடத்துக்கு மாறினால் லால் கிலா நிலையம், வெளியே வந்தால் செங்கோட்டை. உள்ளே நடை அதிகம், காலையிலேயே போங்கள். பிறகு சாந்தினி சவுக்கில் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு சுற்று. ஏறும் முன் மொத்தத் தொகையா, ஆளுக்கா என்று பேசிவிடுங்கள். அங்கிருந்து மறுபடி மண்டி ஹவுஸ் வந்து நீலத் தடத்திலேயே அக்ஷர்தாம். யமுனா பேங்க்கில் தடம் இரண்டாகப் பிரிகிறது: நொய்டா பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள், வைஷாலி ரயில் அக்ஷர்தாம் போகாது. மூன்று மணிக்குள் அங்கே இருந்தால் கண்காட்சிகளையும் மாலையில் நடக்கும் நீர்க்காட்சியையும் பார்க்க நேரம் இருக்கும். இரண்டுக்கும் தனி டிக்கெட். கைபேசி, கேமரா, பை எதையும் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஆறு பேரும் பிரிந்துவிட்டால் அழைத்துப் பேச வழியில்லை என்பதால், சந்திக்கும் இடத்தை வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வியாழன் காலையை எதற்கும் பதிவு செய்யாமல் காலியாக விடுங்கள். பனியில் தள்ளிப்போன இடத்தையோ, தாமரைக் கோயிலையோ, ஜன்பத் கடைவீதியையோ அதில் நிரப்பலாம். சனிக்கிழமை மாலையும் அப்படியே. ஜன்பத்தில் சரவண பவன் இருக்கிறது; முதல் நாளே மாமனாருக்கு இட்லி கிடைத்துவிட்டால் பயணத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஏஜென்ட் தேவையே இல்லையா? விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போக வண்டி, அறைகள், ஞாயிற்றுக்கிழமைக் கார் ஆகிய மூன்றையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள். விலை நியாயமாக இருந்தால் அவர் மூலமே செய்யலாம், ஏதாவது தவறினால் உங்கள் ஊரிலேயே கேள்வி கேட்க ஓர் ஆள் இருப்பார். அறையில் ரூம் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை மறக்காமல் கேளுங்கள். டிசம்பர் இரவில் நட்சத்திரங்களைவிட ஹீட்டர்தான் ஹோட்டலின் தரம். சொன்ன விலையில் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, பயணத்தை ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், கன்னாட் பிளேஸிலும் புதுடெல்லி ரயில் நிலையத்தின் எதிரிலும் ‘அரசு சுற்றுலா அலுவலகம்’ என்ற பலகைகள் நிறையத் தென்படும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவை தனியார் கடைகள். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் சாலையில் 88ஆம் எண்ணில் இருக்கிறது. ‘நீங்கள் சொல்லும் அலுவலகம் மூடிவிட்டது, நான் நல்ல இடத்துக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று எந்த ஆட்டோக்காரராவது சொன்னால் இறங்கிவிடுங்கள். நினைவுச்சின்னங்களின் டிக்கெட்டுகளுக்கு வாயிலிலேயே கியூஆர் பலகை வைத்திருக்கிறார்கள். கைபேசியில் அதை ஸ்கேன் செய்து எடுத்தால் வரிசையும் மிச்சம், இடைத்தரகர் கட்டணமும் மிச்சம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: 60 நாள் திறப்பு எந்தத் தேதி என்று எண்ணிப் பார்த்துக் கதிமான் டிக்கெட், பிறகு குடியரசுத் தலைவர் மாளிகை, பிறகு அறை. கார் ஒரு வாரத்துக்கு முன் பேசினால் போதும்.