பரவாயில்லை சிஸ்டர்

அன்புள்ள அண்ணா,

எனக்குக் குடியாத்தம். நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கிறேன். நோயாளியை இதமாக வைத்துக்கொள்வது பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தோம். வார்டில் ஊசி, டிரிப்ஸ், சார்ட் என்றே விடிந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பாட்டிக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, “அதையெல்லாம் கூட இருக்கிறவங்க பார்த்துப்பாங்க, நீ சார்ட்டை முடி” என்றார் சீனியர் அக்கா. நோயாளிகளைக் கேட்டாலும் எல்லோரும் “பரவாயில்லை சிஸ்டர்” என்றுதான் சொல்கிறார்கள். இது என் வேலையா, நேரம் கிடைத்தால் செய்கிற உபகாரமா?

செவிலியர் ஒருவர், குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வேலைதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். மே மாதம். மின்விசிறி அனலைத்தான் சுற்றி அடித்தது. சிறுநீர்க் குழாயை எடுத்த மறுநாள் அம்மாவுக்கு உதடு வெடித்துவிட்டது, நாக்கு காய்ந்துபோனது. தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றார். பகலில் வந்த ஒவ்வொருவரும் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்கள். அம்மாவும் ஒவ்வொருவரிடமும் “பரவாயில்லை” என்றார்.

இரவுப் பணிக்கு வந்த செவிலியர் எதுவும் கேட்கவில்லை. காலையில் நான் ஊற்றி வைத்த டம்ளர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்ததைப் பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். பெட்பேன் எவர்சில்வர், தொட்டாலே சில்லென்று இருக்கும். அதில் வெந்நீர் ஊற்றிக் கொட்டி, துணியால் துடைத்து எடுத்துப் போனதைப் பார்த்தேன். அப்புறம்தான் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்: “தண்ணி குடிச்சா அதுக்குப் போகணும். இத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா கேக்கறது?” மகனான என்னிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று இரவு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினார்.

இந்தக் கூச்சத்தின் கதை நம் பக்கத்தில் பழையது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக ஆள் வந்தது. மருத்துவரான அவருடைய அப்பா வரத் தயார். ஆண் வேண்டாம் என்று மூன்று வீட்டாரும் மறுத்துவிட்டார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை டாக்டராக்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்க வைத்தது. 1909இல் அங்கே செவிலியர் பயிற்சியும் வந்துவிட்டது.

நீங்கள் படித்திருப்பீர்கள், காத்தரின் கொல்காபா என்ற அமெரிக்கச் செவிலியர் இதத்தை உடம்போடு நிறுத்தவில்லை. மனம், சுற்றம், சூழல் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார். என் அம்மாவுக்கு வலி மாத்திரை நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் இருந்தது அந்தத் திரை.

அதனால் “எப்படி இருக்கீங்க” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு நம் ஜனங்களிடம் ஒரே பதில்தான். குதிகால் மெத்தையில் உறுத்துகிறதா, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதா, ஒன்றுக்குப் போக வேண்டுமா என்று கேளுங்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பாட்டிகள் விழிப்பார்கள். ரூபாய்க்கு எத்தனை காசு நோவு என்று கேட்டுப் பாருங்கள், முக்கால் ரூபாய் என்று பதில் வரும். அவர்கள் சொல்லும் வார்த்தையையும் அப்படியே சார்ட்டில் எழுதுங்கள். எரியுது, மதமதங்குது என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். விண்விண்ணுன்னு தெறிக்குது என்றால் கட்டைப் பிரித்துச் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். குடைச்சல் வேறு, பிடிப்பு வேறு. “வலி உள்ளது” என்று எழுதினால் இவ்வளவும் தொலைந்துபோகும்.

நேரம் இல்லை என்பது உண்மை. போதுமான ஆள் போடுவது நிர்வாகத்தின் கடமை, அதை நீங்கள் உங்கள் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. ஆனால் படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அந்த ஒரு நிமிஷத்தில் டம்ளர், உதடு, குதிகால், விரிப்பின் சுருக்கம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

சீனியர் அக்கா சொன்னதில் ஒரு பாதி சரி. கூட இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான், யாராவது கற்றுக்கொடுத்தால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும் என்று எனக்கு அந்தச் செவிலியர்தான் காட்டினார். அடுத்து உங்கள் பாட்டிக்குத் தலையணை வைக்கும்போது, அவர் மகளையும் கட்டிலருகே கூப்பிட்டு அவள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.