பனிக்காலத்தைத் தாண்ட வேண்டிய தேன்பெட்டி: கேள்வி பதில்

குளிர் மிகுந்த பகுதிகளில் வீட்டுத் தோட்டத்தில் முதன்முறையாகத் தேனீ வளர்க்க முன்வந்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல பனிக்காலங்களில் கூட்டங்களைக் காப்பாற்றியும் சிலவற்றை இழந்தும் கற்றுக்கொண்டவற்றையே சொல்கிறேன்.

கேள்வி: தொடக்கத்தில் ஒரு பெட்டி போதுமா?

இரண்டு வேண்டும். ஒரே ஒரு கூட்டத்தை வைத்திருப்பவருக்கு, அது செழிப்பாக இருக்கிறதா நலிந்து வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. நடுக்கோடையில் ராணி இறந்துபோனாலும், பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டைகளும் மிக இளம் புழுக்களும் உள்ள ஒரு தேனடையை எடுத்து வைத்தால், வேலைக்காரத் தேனீக்கள் அவற்றிலிருந்தே புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாட்கள் ஆகும். பறந்து இணைந்து முட்டையிடத் தொடங்க மேலும் இரண்டு வாரங்கள் வேண்டும். கோடை குறுகிய இடத்தில் இந்த ஒரு மாதமே பெரிய இழப்பு என்பதால், வசந்தத்தில் வாங்கும்போதே ராணி, முட்டை, புழு, தேன், மகரந்தம் எல்லாம் ஐந்து மரச் சட்டங்களில் அமைந்த சிறு கூட்டமாக வாங்குங்கள். வெறும் தேனீக்களையும் தனி ராணியையும் வாங்கினால், அடை கட்டுவதிலேயே முதல் சில வாரங்கள் கழிந்துவிடும்.

கேள்வி: முதல் ஆண்டிலேயே தேன் எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம்.

கேள்வி: வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது தேனீக்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? அவை உறங்குகின்றனவா?

உறங்குவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அவை ராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் திரளத் தொடங்குகின்றன. வெளியடுக்கில் உள்ளவை தலையை உள்நோக்கி வைத்து நெருங்கி நின்று போர்வையாகின்றன. உள்ளே இருப்பவை இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து சூடு உண்டாக்குகின்றன. புழு வளர்க்கும் காலத்தில் பந்தின் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் இருக்கும். புழு இல்லாத நடுப்பனியில் அவ்வளவு தேவையில்லை. அவை பெட்டி முழுவதையும் சூடாக்குவதில்லை, தங்கள் பந்தை மட்டுமே சூடாக வைத்துக்கொள்கின்றன என்பதை மனத்தில் இருத்துங்கள்; பனிக்காலம் பற்றிய பாதிக் குழப்பங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த வேலையைச் செய்பவை கோடையில் நாம் பார்த்த தேனீக்கள் அல்ல. கோடைத் தேனீ ஏறத்தாழ ஆறு வாரங்களே வாழும். கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பிறக்கும் தேனீக்கள் உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாறு மாதங்கள் வாழ்ந்து, வசந்தத்தின் முதல் புழுக்களுக்கு உணவூட்டுகின்றன. ஆகவே பனிக்காலத்தின் முடிவு பனிக்காலத்தில் தீர்மானமாவதில்லை. அந்தக் கடைசித் தலைமுறை நலமாகப் பிறந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: எவ்வளவு தேன் விட்டு வைக்க வேண்டும்?

நீண்ட, கடுமையான பனிக்காலம் உள்ள இடத்தில் ஒரு கூட்டத்துக்கு 30 முதல் 40 கிலோ வரை. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பாருங்கள். தரையோடு ஆணி அடித்து வைத்ததுபோல் கனக்க வேண்டும். குறைவாக இருந்தால், இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே எடையில் இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்ற கணக்கில் கெட்டியான பாகு கொடுங்கள். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அவை பாகை எடுக்க மாட்டா. எடுத்தாலும் நீரை வற்றச் செய்து மூடி வைக்க நேரமிருக்காது. அதற்குப் பிறகு உலர்ந்த சர்க்கரையைத் திரளுக்கு நேர் மேலே வைப்பது ஒன்றே வழி. கடையில் வாங்கிய தேனையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனையோ கொடுக்காதீர்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். அவை பல பத்தாண்டுகள் சாகாமல் கிடப்பவை.

கேள்வி: சென்ற ஆண்டு என் கூட்டம் நிறையத் தேன் இருந்தும் இறந்துவிட்டது. பெட்டியில் கைப்பிடியளவு தேனீக்களே கிடந்தன. குளிர்தானே காரணம்?

நானும் என் முதல் கூட்டம் இறந்தபோது குளிரைத்தான் பழித்தேன். வசந்தத்தில் மூடியைத் திறந்தபோது, என் கைமுட்டியை விடச் சிறிய ஒரு திரள், தேனீக்கள் தலையை அடையறைகளுக்குள் நுழைத்தபடியே இறந்து கிடந்தது. மூன்று விரற்கடை தொலைவில் மூடிய தேன் அப்படியே இருந்தது. அந்த அடையை வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து அறைகளின் மேற்சுவரைப் பார்த்தேன். உப்புத் தூள் ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் அறைக்கு அறை தெரிந்தன. அவை தேனீயின்மேல் ஒட்டி வாழும் வர்ரோவா என்ற உண்ணியின் கழிவு. திரள் சிறுத்துப்போனதால்தான் அந்த மூன்று விரற்கடையை அவற்றால் கடக்க முடியவில்லை. திரளைச் சிறுக்க வைத்தது உண்ணி. உங்கள் அடைகளையும் அப்படிச் சாய்த்துப் பாருங்கள்.

இந்த உண்ணி, புழு அறை மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்து, கூட்டுப்புழுவின்மேல் இனம் பெருக்குகிறது. அது தேனீயின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். 2019இல் வெளியான ஆய்வு, வளர்ந்த தேனீயில் அது முக்கியமாகக் கொழுப்புத் திசுவையே உண்கிறது என்று காட்டியது. பனிக்காலத் தேனீயின் ஆயுளே அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. கோடையின் கடைசியில் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும்போது உண்ணிகளின் எண்ணிக்கையோ உச்சத்தில் இருக்கும். எஞ்சிய புழுக்களை எல்லா உண்ணிகளும் சேர்ந்து தாக்கும். இறக்கை உருக்குலைக்கும் நச்சுயிரியும் அவற்றோடு பரவும்.

ஆகவே கோடை முடிவதற்குள் உண்ணியை எண்ணுங்கள். முதலில் ராணி வேறு சட்டத்தில் இருக்கிறாள் என்பதை உறுதிசெய்துகொண்டு, புழு அடையிலிருந்து அரைக் கோப்பைத் தேனீக்களை, அதாவது ஏறத்தாழ 300 தேனீக்களை, எரிசாராயம் உள்ள குப்பியில் இட்டு ஒரு நிமிடம் குலுக்கி, வடிந்த நீர்மத்தில் உள்ள செம்பழுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். ஒன்பது இருந்தால் நூற்றுக்கு மூன்று. அதற்குமேல் மருந்திடாமல் காத்திருக்கக் கூடாது. 300 தேனீக்களைக் கொல்ல மனம் வராது என்பது எனக்குத் தெரியும். எண்ணாமல் விட்டால் கூட்டம் முழுவதும் போகும்.

கேள்வி: மருந்தே இடக்கூடாது என்பது என் கருத்து. இடுவதால்தான் வலுவற்ற தேனீக்கள் பிழைத்துத் தொடர்கின்றன. இயற்கை தானே தேர்ந்தெடுக்கட்டுமே?

இந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். அதன் பின்னால் உண்மையும் இருக்கிறது. ஆசியத் தேனீ இந்த உண்ணியோடு நெடுங்காலமாக வாழ்கிறது. அங்கே உண்ணி பெரும்பாலும் ஆண் புழுக்களில்தான் பெருகுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆர்னாட் காட்டில் தாமஸ் சீலி ஆராய்ந்த காட்டுக் கூட்டங்களும் மருந்தின்றி நிலைத்திருக்கின்றன. ஆனால் அவை சிறு மரப்பொந்துகளில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில், அடிக்கடி கூட்டம் பிரிந்து, நமக்கென்று தேன் சேர்க்காமல் வாழ்பவை. நம் பெட்டிகளோ பெரியவை, அருகருகே இருப்பவை, கூட்டம் பிரியாதபடி நாம் தடுப்பவை.

அதே வாசகர்: காட்டில் முடிகிறதென்றால் தோட்டத்தில் மட்டும் ஏன் முடியாது? தொடக்கத்தில் சில இழப்புகளைப் பொறுத்துக்கொண்டால் போதாதா?

எத்தனை இழப்புகள் என்பதுதான் கேள்வி. 1999இல் சுவீடனின் கோட்லாந்து தீவில் 150 கூட்டங்களை மருந்தின்றி விட்டுப் பார்த்தார்கள். முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலானவை இறந்தன. எஞ்சியவற்றின் வழியினரிடம் உண்ணியைத் தாங்கும் இயல்பு காணப்பட்டது. அவை அளவில் சிறிய கூட்டங்களாகவும் இருந்தன. அங்கே தேர்வு நடந்ததற்குக் காரணம் 150 கூட்டங்கள் இருந்ததும், அவற்றைச் சுற்றிக் கடல் இருந்ததும். உங்களிடம் இருப்பவை இரண்டு. இரண்டில் இரண்டும் இறந்தால் அங்கே எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஒன்று பிழைத்தாலும், அதன் இளம் ராணி வானில் பறந்து, சுற்றுவட்டாரத்துப் பெட்டிகளிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு ஆண் தேனீக்களோடு இணைந்து திரும்புகிறாள்; அந்தத் தந்தையரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொரு வாசகர்: அவருடைய பெட்டி, அவருடைய இழப்பு. பிறருக்கு என்ன?

பிறருக்கு நிறைய இருக்கிறது. உண்ணியால் நலிந்த கூட்டத்தின் தேனை அக்கம்பக்கத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வருகின்றன. திரும்பும்போது முதுகில் உண்ணியையும் சுமந்து செல்கின்றன. மருந்திட விரும்பாதவர் செய்யக்கூடியவை இருக்கின்றன: உண்ணி விரும்பும் ஆண் புழு அடையைத் தேனீக்கள் மூடியபின் வெட்டி எடுப்பது, ராணியைச் சில வாரங்கள் அடைத்து வைத்துப் புழு வளர்ப்பை இடைநிறுத்துவது, தாங்கும் இயல்புக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட ராணியை வாங்குவது. இவை உழைப்பைக் கேட்பவை. ஒன்றும் செய்யாமல் இருப்பதை மட்டும் வளர்ப்புமுறை என்று நான் ஏற்க மாட்டேன்.

மருந்திடுபவர்களுக்கு ஒரு சொல். ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் ஊடுருவும். ஆனால் வெயில் மிகுந்த நாட்களில் ராணியையே கொல்லக்கூடும். ஆக்ஸாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது; ஆகவே புழு இல்லாத பனிக்காலத் தொடக்கமே அதற்கு ஏற்றது. அமில ஆவிக்கான முகமூடியும் கையுறையும் இன்றி அதைத் தொடாதீர்கள். எந்த மருந்தானாலும் உறையில் உள்ள அளவையும் வெப்ப வரம்பையும் அப்படியே பின்பற்றுங்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் பெட்டியைத் துணியால் சுற்ற வேண்டுமா?

சுற்றுவதை விட மேலே காப்பிடுவது முக்கியம். ஒரு கிலோ தேன் உடலில் எரியும்போது 650 கிராமுக்கு மேல் நீர் உண்டாகிறது. 20 கிலோ தேன் உண்ணும் கூட்டம் ஒரு குடத்துக்கு நிகரான நீரை ஆவியாக வெளியிடுகிறது. மூடி குளிர்ந்திருந்தால் அந்த ஆவி அங்கே படிந்து, பனிநீராகத் திரளின்மேல் சொட்டும். குளிரைத் தாங்கும் தேனீ நனைந்தால் தாங்காது. மூடிக்குக் கீழே தடித்த காப்புப் பலகை வைத்தால் ஆவி பக்கச்சுவரில் படிந்து கீழே வழிந்துவிடும். மேலே சிறு துளை விடுவோரும் உண்டு. கீழ்வாசலைப் பனி மூடினாலும் அது காற்றுக்கும் வழியாகும். நான் இரண்டையும் செய்கிறேன். கீழ்வாசலில் எலி நுழையாத தடுப்பை இலையுதிர் காலத்திலேயே பொருத்திவிடுங்கள்.

கேள்வி: பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கலாமா?

கூடாது. இளஞ்சூட்டில் அவை திரளைக் கலைத்துப் பறக்க முற்பட்டு, தேனையும் விரைவில் தீர்த்துவிடும்.

கேள்வி: எனக்குக் கொட்டினால் உடல் முழுவதும் தடிக்கிறது. வளர்க்கலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை பெட்டி வாங்காதீர்கள்.

கேள்வி: நடுப்பனிக்காலத்தில் ஒருமுறை திறந்து, உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கலாமா?

இதே கேள்வியை நால்வர் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் ஒரே பதில். சட்டங்களைத் தூக்காதீர்கள். திரள் ஒருமுறை உடைந்தால் அந்தக் குளிரில் மீண்டும் சேராமல் போகலாம். பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து, விரல் முட்டியால் ஒருமுறை தட்டுங்கள். உள்ளிருந்து ஒரு சீறல் எழுந்து அடங்கும்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு சட்டத் தேன் மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

முதல் ஆண்டில் எடுக்க வேண்டாம் என்று முன்பே எழுதினேன். அந்த ஒரு சட்டத்தை அவை உண்ணப்போவது வசந்தத் தொடக்கத்தில்.

கேள்வி: பனி உருகியபின் முதலில் எப்போது முழுமையாகத் திறந்து பார்க்கலாம்?

காற்றில்லாத வெயில் நாளில், 15 டிகிரி அளவுக்குச் சூடு ஏறி, தேனீக்கள் காலில் மகரந்தம் சுமந்து வருவதைக் கண்டபின். அதற்கு முந்தைய வாரங்களே கூட்டம் பட்டினியால் சாகும் காலம்; ராணி முட்டையிடத் தொடங்கிவிடுவாள், திரளின் நடுவை மீண்டும் 35 டிகிரிக்கு உயர்த்த வேண்டியிருக்கும், வெளியே ஒரு பூவும் இருக்காது. ஆகவே வாரம் ஒருமுறை பின்பக்கத்தைத் தூக்கிக் கனம் பாருங்கள். இலேசாகத் தெரிந்தால் மூடியை மட்டும் விலக்கி, திரளுக்கு நேர் மேலே சர்க்கரையை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் மூடிவிடுங்கள்.