பிரபுவின் மனைவியைப் பணயமாக வைத்தால் பிரபு கட்சி மாறாமல் இருப்பானா?

கேள்வி: அந்தக் காலத்தில் பிரபுக்களின் மனைவியைப் பணயக்கைதியாகப் பிடித்து வைத்து விசுவாசத்தை உறுதிசெய்வார்களாமே, அது நடைமுறையில் பலித்ததா?

பலித்தது. ஆனால் சண்டை மூண்ட பிறகு ஓடிப்போய்ப் பிடித்த இடத்தில் பலிக்கவில்லை. சண்டைக்கு வெகுகாலம் முன்பே, பணயம் என்று பெயர் சொல்லாமல் குடிவைத்த இடத்தில் பலித்தது. இரண்டுமே ஒரே நாட்டில், சில பத்தாண்டு இடைவெளியில் நடந்தன. அந்த நாடு ஜப்பான்.

சண்டையிட்டுக்கொண்டிருந்த ஜப்பானை ஒரே பிடிக்குள் கொண்டுவந்து ஆண்ட டோயோடோமி ஹிடேயோஷி, டைம்யோ எனப்படும் நிலப்பிரபுக்களின் மனைவி மக்களை ஒசாகா போன்ற தன் கோட்டை நகரங்களில் மாளிகை கட்டிக் குடியிருக்க வைத்தார். வேலையாட்கள் உண்டு, வசதி உண்டு, கணவன் வந்து போகலாம். மனைவி மட்டும் சொந்த ஊர் திரும்ப முடியாது. 1598-ல் ஹிடேயோஷி இறந்தார். 1600-ல் டைம்யோக்களில் பலம் மிக்கவரான டோகுகவா இயேயாசு, உயேசுகி ககேகட்சு என்ற இன்னொரு டைம்யோவை அடக்கக் கிழக்கே படையெடுத்தபோது பல டைம்யோக்கள் கூடவே போனார்கள். மனைவிகள் ஒசாகாவில். இயேயாசுவை எதிர்த்துக் கிளம்பிய, ஹிடேயோஷியிடம் அதிகாரியாக இருந்த இஷிடா மிட்சுநாரி, எதிரணிக்காரர்களின் குடும்பமே தன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தார். முதல் குறி, இயேயாசுவோடு போயிருந்த டைம்யோ ஹொசோகவா தடாவோகியின் மனைவி.

அவர் பெயர் தமா. ஞானஸ்நானப் பெயர் கிராசியா. 1563-ல் பிறந்தவர். தந்தை அகேச்சி மிட்சுஹிடே 1582-ல் தன் தலைவர் நோபுநாகாவைத் தாக்கி மாளவைத்து, சில நாட்களில் தானும் அழிந்தார். துரோகியின் மகளை வீட்டில் வைத்திருக்க முடியாமல், தள்ளிவிடவும் மனமில்லாமல், தடாவோகி அவரை மிடோனோ மலைப்பகுதியில் சுமார் இரண்டு ஆண்டு மறைத்து வைத்தார். 1584-ல் ஹிடேயோஷி அனுமதித்த பிறகு ஒசாகாவின் தமாட்சுகுரி மாளிகைக்கு வந்தார். அங்கும் கெடுபிடிதான். 1587-ல் ஒருமுறை மட்டும் யாருக்கும் தெரியாமல் தேவாலயம் போனார். மறுபடி வெளியே வர வழியில்லை. பாதிரியாரும் உள்ளே வர முடியாது. அதனால் தோழி கியோஹாரா மரியா முறையைக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுத்தார்.

பிடிக்கும் முயற்சி எப்படி நடந்தது என்பதை, கடைசிவரை கூட இருந்த பணிப்பெண் ஷிமோ 1648-ல் எழுதிவைத்தார். 48 ஆண்டு கழித்து எழுதியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நேரில் பார்த்தவர் வார்த்தை.

முதலில் ஆயுதம் வரவில்லை, தெரிந்த ஒரு துறவிப்பெண் வழியாகத் தூது வந்தது: தானாகவே கோட்டைக்கு வந்துவிடுங்கள். மறுத்ததும் இன்னொரு யோசனை: பக்கத்திலிருக்கும் உகிட்டா மாளிகைக்குப் போங்கள், மூத்த மகன் தடாடகாவின் மனைவி வழியில் உறவுதானே, யாரும் பணயம் என்று சொல்ல மாட்டார்கள். உகிட்டாவும் மிட்சுநாரியின் ஆள் என்பது கிராசியாவுக்குத் தெரியும், அதையும் மறுத்தார். பிறகுதான் அதிகாரபூர்வ மிரட்டல், ஜப்பானிய நாட்காட்டியின் 7-ம் மாதம் 17-ம் நாள் (நம் கணக்கில் ஆகஸ்ட் 25) இரவு முற்றுகை.

மிட்சுநாரி கணக்குத் தப்பிய இடம் வீட்டுக்குள் இருந்தது. புறப்படும் முன்பே தடாவோகி, ஆபத்து வந்தால் முதலில் மனைவியைக் கொன்றுவிட்டு நீங்களும் செத்துவிடுங்கள் என்று ஆட்களிடம் சொல்லியிருந்தார். கொடூரமான உத்தரவு, இதை வீரம் என்று மெச்சுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசலைக் காக்க வேண்டிய துப்பாக்கி வித்தகர் இனாடோமி எதிரிகளோடு சேர்ந்துகொண்டார். கிறிஸ்தவருக்குத் தற்கொலை பாவம் என்பதால், கிராசியாவின் உயிரைக் காரியஸ்தர் ஒகசவாரா ஷோசாய் எடுத்தார். மாளிகைக்குத் தீ வைத்துவிட்டு அவரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்.

அடகு நகை அடகுக்காரன் கையிலேயே உருகிப்போனால் கடன்காரனை எதைக் காட்டி மிரட்டுவது? அதன் பிறகு வீடு புகுந்து பிடிக்கும் வேலையை மிட்சுநாரி தரப்பு கைவிட்டது என்பதே பரவலான கருத்து. மாளிகைகளைச் சுற்றிக் காவல் இருந்தும் ஓட்டை இருந்தது. தமாட்சுகுரி தீயைப் பார்த்து ஆற்றுக் காவலர்கள் அந்தப் பக்கம் ஓட, அந்த இடைவெளியில் தங்கள் பெண்கள் படகேறித் தப்பியதாகக் குரோடா என்ற இன்னொரு டைம்யோ குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. தடாவோகியோ, அதே ஆண்டு இரு தரப்பும் மோதிய செகிகஹாரா போரில் இயேயாசுவின் முன்னணிப் படையில் நின்றார். மிட்சுநாரி தோற்றுத் தலையிழந்தார்.

ஹொசோகவா வீட்டில் இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட்டது. தடாடகாவின் மனைவி அன்றிரவு உகிட்டா மாளிகைக்குள் புகுந்து தப்பித்திருந்தார். அவளை விலக்கிவிடு என்றார் தடாவோகி. மகன் மறுத்ததால் வாரிசுரிமை போயிற்று. அது யாருக்குப் போனது தெரியுமா? 1600 தொடக்கத்திலேயே இயேயாசுவிடம் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) பணயமாக அனுப்பப்பட்டிருந்த இளைய மகன் தடாடோஷிக்கு!

போரில் வென்று எடோவிலிருந்து நாட்டை ஆண்ட இயேயாசு வம்சம் மிட்சுநாரி செய்த தவறைச் செய்யவில்லை. மயேடா என்ற டைம்யோ குடும்பத்தின் மூத்த விதவை மட்சு 1600-ல் எடோவுக்குப் போனார். மகன் இறந்த பிறகு, 1614-ல்தான் ஊர் திரும்பினார். 1635-ல் சட்டமே வந்தது: டைம்யோ ஓராண்டு எடோவில், ஓராண்டு ஊரில், மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில். வாள் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, சாலைச் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு போதும். ‘உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே போகும் பெண்’, இந்த இரண்டையும் கவனி என்பதுதான் காவலர் வாய்ப்பாடு. ஹகோனே சாவடியில் பெண் சோதகர்கள் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். சீட்டில் ஒரு சொல் பிசகினாலும் நகர முடியாது. 1681-ல் எடோவுக்குப் போய்க்கொண்டிருந்த கவிஞர் இனோவே சுஜோவை அராய் சாவடியில் மடக்கினார்கள். சீட்டில் ‘பெண்’ என்றிருந்தது. அவர் உடையின் நீளக் கைப்படி ‘இளம்பெண்’ என்றிருக்க வேண்டுமாம். ஒசாகாவுக்கு ஆள் அனுப்பி வேறு சீட்டு வாங்கும்வரை காத்திருந்தார்.

எடோவிலேயே பிறந்து வளர்ந்த வாரிசுகளுக்குச் சொந்த ஊர்தான் வெளியூர். 1862-ல் விதியைத் தளர்த்தி மனைவிகளை ஊருக்குப் போகவிட்டார்கள். 1867-ல் இயேயாசு வம்சத்தின் கடைசி ஷோகன் (படைத்தலைவராக நாட்டை ஆண்டவர்) ஆட்சியை ஒப்படைத்தார். பெண்களை விட்டதால்தான் கவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் நிறைய. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது என்பது எல்லா டைம்யோவுக்கும் அந்த 1862-லேயே புரிந்திருக்கும்.