சாட்சியிடம் "சமாதானம்" பேச வருவது குற்றமா?

நிலாவெளித் தாக்குதல் வழக்கொன்றில் கண்கண்ட சாட்சியான உங்கள் தம்பியிடம் எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) பெரியப்பா வந்து, "தவணைக்கு வராமல் விட்டால் காணும் தம்பி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்று, அதாவது வழக்கு நாளில் நீதிமன்றத்துக்கு வர வேண்டாமென்று, சொல்லிவிட்டுப் போனதாகவும், அச்சுறுத்தல் எதுவும் இல்லாதபோது இது குற்றமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். நான் சட்டத்தரணி அல்லன். திருகோணமலையில் சட்டத்தரணி ஒருவரிடம் நெடுங்காலமாக வேலை செய்பவன். குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல் 4ஆம் இலக்கமாக வந்து, பின்னர் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. சாட்சியை அடிப்பதும் வெருட்டுவதும் மட்டுமன்றி, சாட்சி சொல்லாதிருக்கக் காசோ வேறு நன்மையோ காட்டுவதும் இதன்கீழ் குற்றமே. அந்தப் பெரியப்பா எவ்வளவு மரியாதையாகப் பேசினார் என்பதைவிட என்ன நோக்கத்தோடு வந்தார் என்பதே இங்கு கேள்வி.

"சமாதானமாகப் போவது சட்டத்தில் உள்ளதுதானே" என்று அவர்கள் வாதிடக்கூடும். சிறு காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களை இணக்கமாக முடிக்க 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கிறது என்பதும், மத்தியஸ்த சபைகள் இருப்பதும் உண்மைதான். ஆனால் இணங்கும் உரிமை அடிபட்டவருக்கு உரியது. அருகில் நின்று பார்த்த உங்கள் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமே இல்லை.

அடுத்த முறை அவர்கள் தட்டச்சு செய்த சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலம்) ஒன்றோடு வரக்கூடும். "சம்பவ நேரத்தில் நான் அவ்விடத்தில் இருக்கவில்லை" என்பதுபோல ஒரு வரி அதில் இருக்கும். அதில் கையொப்பமிட வேண்டாம். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சியம் அளித்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 190ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. எதிரியைக் காப்பாற்றப் போய்த் தம்பி எதிரிக்கூண்டில் நிற்க நேரிடும்.

சாட்சிகள் பயந்தால் என்ன நடக்கும் என்பதை நமது ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களது உடல்களைப் படமெடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். வழக்கில் எதிரிகளாக இருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சட்டம் 2015இலேயே வந்துவிட்டது, ஆனால் போன சாட்சிகளை அது திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆகவே சட்டம் இருக்கிறது என்ற தைரியத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பெரியப்பா வந்த திகதி, நேரம், வாகன இலக்கம், உடனிருந்தோர் ஆகியவற்றை இன்றே எழுதி, அவருடைய சொற்களை மெருகூட்டாமல் அப்படியே குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு இருந்தால் அழிக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த நிலையத்தில் நம்பிக்கை இல்லையெனில், பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் பாதுகாப்புக்கான தேசிய அதிகாரசபைக்கு நேரடியாக எழுதலாம்.

எதிரி இப்போது பிணையில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சாட்சிகளில் தலையிடுவார் என்று கருதக் காரணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பிணையை மறுக்கலாம், கொடுத்ததை இரத்துச் செய்யவும் செய்யலாம். அடிபட்டவரின் சட்டத்தரணி இதை ஒரு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) மூலம் அடுத்த தவணைக்கு முன்னரே நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவர முடியும். முறைப்பாட்டின் பிரதியை அந்தச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள்.